ஓடந்துறை மாதிரி எங்கள் ஊராட்சியும் காற்றாலை வாங்க முடியுமா?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வார்டு உறுப்பினர் எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் கேட்பது இது: "எங்கள் ஊராட்சியில் நாலு குக்கிராமம், ஆறு போர் மோட்டார், எல்லாமே 7.5 ஹெச்.பி. தெருவிளக்கு 180, அதில் பாதி இன்னும் டியூப் லைட். கரண்ட் பில் மாதம் 90 ஆயிரத்தைத் தொடுகிறது. ஊரைச் சுற்றிக் காற்றாலை ஓடுகிறது, நாங்கள் மட்டும் பில் கட்ட மானியத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். ஓடந்துறை சொந்தமாகக் காற்றாலை வாங்கிச் சம்பாதித்தது போல நாங்களும் செய்யலாமா? அடுத்த கிராம சபையில் காலநிலைத் தீர்மானம் ஒன்றும் போடச் சொல்கிறார்கள், அதில் என்ன எழுதுவது?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். காற்றாலை இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஓடந்துறையை மறந்துவிடவும் வேண்டாம், ஏனென்றால் அங்கே நடந்ததில் காற்றாலை கடைசி அத்தியாயம்தான், எல்லோரும் அதை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிற ஓடந்துறையில் சண்முகம் 1996-இல் தலைவரானார். குடிநீர்த் தொட்டியும் தெருவிளக்கும் கூடக்கூட மின்கட்டணமும் ஏறியது, உங்கள் ஊர்க் கதைதான். அவர்கள் முதலில் செய்தது பெரிய முதலீடு இல்லை. குடிநீர் மோட்டார் ஓட்ட 2003-இல் மரக்கழிவில் ஓடும் 9 கிலோவாட் எரிவாயு இயந்திரம் ஒன்று வைத்தார்கள், சில தெருக்களுக்கு சோலார் விளக்கு போட்டார்கள். இதற்கெல்லாம் அப்புறம்தான் 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வந்தது. விலை ஒரு கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மிச்சம் 1.15 கோடி வங்கிக் கடன். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் காற்றாலை ஓடந்துறையிலேயே இல்லை, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உற்பத்தியை மின்வாரியத்தின் கம்பி வழியே கணக்கில் நேர்செய்துகொண்டார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம், மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை. இந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் எல்லா ஊரிலும் ஆசை வருகிறது. சரி, உங்கள் ஊர் எண்ணைப் பாருங்கள். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 90 ஆயிரம் பில் என்பது மாதம் பதினோராயிரம் யூனிட், ஆண்டுக்கு 1.35 லட்சம். அதாவது ஓடந்துறைக் காற்றாலை தருவதில் ஐந்தில் ஒரு பங்குதான் உங்கள் தேவை. அந்த அளவுக் காற்றாலையும் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. இன்றைக்கு நிறுத்துகிறவை இரண்டு மெகாவாட்டைத் தாண்டிவிட்டன, விலை பல கோடி, ஊராட்சி கடன் வாங்குவதென்றால் அரசு அனுமதி வேறு. அப்புறம் பழைய காற்றாலைக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. ஆனி, ஆடிக் காற்றில் விளைந்த யூனிட்டை வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்து அந்த நிதியாண்டு முழுக்க எடுத்துக்கொள்ளலாம். 2018-க்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு அந்தச் சலுகை அப்படியே கிடைப்பதில்லை. செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஆண்டில் நாலைந்து மாதம்தான் வெளுத்து வாங்கும், மிச்ச மாதத்துக்கு நீங்கள் திரும்பவும் பில் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே பில்லுக்கு வருவோம். ஊராட்சியில் இரண்டாம் எண் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, மின்கட்டணமும் கூட்டுக் குடிநீர்க் கட்டணமும் கட்டுவதற்காகவே வைத்தது. பணம் வரும், போகும், எந்த மோட்டாருக்கு எவ்வளவு போனது என்று வார்டு உறுப்பினர் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். ஊராட்சிச் செயலரிடம் எல்லா மின் இணைப்பு எண்களையும் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் கடந்த பன்னிரண்டு மாத யூனிட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். தூர்ந்துபோன போருக்கும் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கும் மாதாமாதம் நிலைக்கட்டணம் போய்க்கொண்டிருக்கும் இணைப்பு ஒன்றிரண்டு தட்டுப்படவும் வாய்ப்புண்டு.

நீங்கள் சொன்ன அளவை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7.5 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7 கிலோவாட் இழுக்கும். தினம் ஏழு மணி நேரம், ஆறு மோட்டார் என்றால் 294 யூனிட். தெருவிளக்கு எல்லாம் சேர்த்து, டியூப்பை சோக்கோடு 50 வாட் என்றும் எல்.இ.டி.யை 20 வாட் என்றும் வைத்தால், இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு 76 யூனிட்தான். ஐந்தில் நாலு பங்குப் பணம் தண்ணீரோடு போகிறது! கூட்டம் போட்டால் எல்லோரும் பேசுவது தெருவிளக்கைப் பற்றி, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. மோட்டார் அறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நீங்கள் எட்டிப் பாருங்கள். தொட்டி காலியாக இருக்கும் ஒரு காலையில் டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக்கொண்டு போய், மோட்டார் போடும் முன் மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறக்காமல் தொட்டி நிறையும் வரை ஓட விட்டு, நின்றதும் மறுபடி குறியுங்கள். 30 ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய ஒரு இடத்தில் 12 யூனிட் ஆகிறது, அதே ஆழமுள்ள இன்னொரு போரில் 20 யூனிட் ஆகிறது என்றால் இரண்டாவதில் கோளாறு இருக்கிறது. நாலைந்து முறை காயில் கட்டிய மோட்டாராக இருக்கலாம், உள்ளே பம்ப் தேய்ந்திருக்கலாம், போருக்கும் தொட்டிக்கும் நடுவே பைப் எங்கோ ஒழுகலாம், கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் காரணமாகலாம். ஆறு மோட்டாருக்கும் இப்படிப் பார்த்துவிட்டால் எதை முதலில் மாற்றுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் எத்தனையில் வேலை செய்கிறது என்றும் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பொருள், அது கெட்டுப்போனால் வழிவது தண்ணீர் மட்டுமில்லை.

தெருவிளக்கு எளிது. மிச்சமிருக்கும் 90 டியூப்பை எல்.இ.டி. ஆக்கினால் மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் மிச்சம், விளக்கு ஒன்றுக்கு 1,500 ரூபாய் ஆனாலும் ஒன்றரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், எரிகிற விளக்கை எண்ணுங்கள். எல்லாமே மூன்று மணி நேரம் கூடுதலாக எரிகிறது என்றால் மாதம் நாலாயிரத்து ஐந்நூறு. ஆபரேட்டரைத் திட்டாதீர்கள், அவர் நாலு குக்கிராமத்துக்கும் சைக்கிளில் போய் அணைக்க வேண்டும். டைமர் சுவிட்ச் போடுங்கள்.

பேட்டரி வைத்த சோலார் தெருவிளக்கு மட்டும் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும், மூன்று நாலு வருடத்தில் பேட்டரி போகும், மாற்றக் காசு ஒதுக்கியிருக்க மாட்டார்கள், கம்பம் மட்டும் நிற்கும். மின்கம்பம் போகாத பாதை, சுடுகாடு மாதிரி இடங்களுக்கு வேண்டுமானால் வைக்கலாம்.

இனி சோலார். பெரும்பாலான ஊராட்சிகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஊராட்சி அலுவலகக் கூரையில் பத்து கிலோவாட் பேனல் போடச் சொல்லி யாராவது கொட்டேஷனோடு வருவார்கள். அலுவலகத்தில் இரண்டு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அங்கே விளையும் யூனிட் அந்த ஒரு இணைப்பில்தான் கணக்காகும், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மோட்டார் இணைப்பின் பில்லில் தானாகக் கழியாது. மிஞ்சும் யூனிட்டுக்கு வாரியம் கொடுக்கிற விலை, நீங்கள் வாரியத்துக்குக் கொடுக்கிற விலையில் பாதிகூட வராது. அதனால் பேனலை மின்சாரம் செலவாகும் இடத்தில் வையுங்கள். அதாவது மோட்டார் பக்கத்தில், தொட்டியை ஒட்டிய புறம்போக்கு நிலத்தில். தொட்டிக்கு வடக்கே வைக்காதீர்கள், ஆண்டின் பெரும்பகுதி தொட்டியின் நிழல் அந்தப் பக்கம்தான் விழும், தெற்கே வைப்பது நல்லது.

ஒரு மோட்டாருக்கு ஒன்பது, பத்து கிலோவாட் பேனல், அதை நேரே மோட்டாரோடு இணைக்கும் டிரைவ், வெயில் இல்லாதபோது மின்வாரிய கரண்டுக்கு மாற்றும் சுவிட்ச். பேட்டரி தேவையில்லை, தொட்டியில் ஏற்றிவைத்த தண்ணீரே சேமிப்பு. செலவு நாலரை, ஐந்து லட்சத்தில் முடியும். ஒரு நாளைக்கு 35 யூனிட் மிச்சம், மழை, மேகம் போக 300 நாள் என்றால் ஆண்டுக்கு எண்பதாயிரத்துச் சொச்சம். குற்றாலத்தில் சாரல் என்றால் உங்கள் ஊரிலும் ஆனி, ஆடியில் மேகம் மூடும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதனால் வாரிய இணைப்பைத் துண்டிக்கும் பேச்சே கூடாது. ஆறு வருடத்தில் காசு திரும்பும். ஆனால் ஒழுகும் பைப்பை வைத்துக்கொண்டு சோலார் போட்டால் இலவசமாக ஒழுகும், அவ்வளவுதான். முதலில் மோட்டார் சோதனை, அப்புறம் பேனல்.

பேனல் போட்ட பிறகு யார் துடைப்பது? இந்தக் கேள்வியைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பீகாரில் தர்னை என்கிற கிராமத்தில் 2014-இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட் சோலார் மின்கட்டமைப்பு அமைத்துக் கொடுத்தது, நாடு முழுக்கப் பேசினார்கள். பின்னாலேயே மலிவான அரசு மின்சாரம் வந்தது, பேட்டரிகள் போயின, பராமரிக்க ஆளில்லை, சில வருடத்தில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள். ஊர் சின்னதாக இருக்கலாம், திட்டம் யாருடையது என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கைத் தனியே பராமரிப்புக்கு ஒதுக்குவது, ஆபரேட்டருக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேனல் கழுவ ஒரு தொகை கொடுப்பது, ஐந்தாண்டுப் பராமரிப்பை ஒப்பந்தப் புள்ளியிலேயே சேர்ப்பது, இந்த மூன்றும் தீர்மானத்தில் இருக்கட்டும். உங்கள் பக்கம் குரங்குத் தொல்லை உண்டு என்பதால் வேலியும் கம்பி மூடியும் மதிப்பீட்டில் வர வேண்டும், விட்டுப்போனால் பிறகு யாரும் காசு தர மாட்டார்கள்.

பணத்துக்கு வழி: 2026 மார்ச் வரைக்குமான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பங்காக இருந்தது. குடிநீர் மோட்டார் மாற்றுவதும் சோலார் பம்பும் குடிநீர் வேலைதான் என்று காட்டி இப்படிப்பட்ட பங்கில் கேட்கலாம், அடுத்த நிதிக்குழுவின் விதிகள் என்ன என்பதை மட்டும் ஒருமுறை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மதிப்பீடு ஒன்றியப் பொறியாளர் கையெழுத்தோடு போகட்டும், கம்பெனிக்காரர் எழுதித்தரும் மதிப்பீட்டை அப்படியே நீட்டாதீர்கள். ஊராட்சி எல்லைக்குள் நிற்கும் காற்றாலைகளிடமிருந்து வரவேண்டிய வரி ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்பு வசூல் பதிவேட்டையும் புரட்டுங்கள். அந்த நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை முதலில் உங்கள் ஊர் கேட்பதில் வெட்கம் என்ன?

வீடுகளுக்கு, கூரையில் சோலார் போட உதவும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் 78 ஆயிரம் மானியம். ஊராட்சி எல்லைக்குள் போடும் ஒவ்வொரு வீட்டுக் கூரைக்கும் உள்ளாட்சிக்கு ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு என்பது பல தலைவர்களுக்கே தெரியாது. அதே திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாகத் தேர்வாகும் மாதிரி சூரிய கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய் உண்டு, ஆனால் மக்கள்தொகை ஐயாயிரத்தைத் தாண்டிய ஊர்களுக்கு நடுவில்தான் போட்டி. உங்கள் ஊர் அதற்குக் கீழே என்றால் அந்த அலைச்சல் வேண்டாம்.

காலநிலைத் தீர்மானம் பற்றிக் கேட்டீர்கள். "2030-க்குள் கார்பன் சமநிலை", அதாவது ஊர் வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமம் என்று எழுதுவது சுலபம், கைதட்டும் கிடைக்கும். வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016-இல் அப்படி அறிவித்தது, ஆனால் அறிவித்த கையோடு ஊரில் எது எவ்வளவு கரியமில வாயு வெளியிடுகிறது என்று கணக்கெடுத்தார்கள். பிறகு மரத்தை அடமானம் வைத்து விவசாயிக்கு வட்டியில்லாக் கடன்: ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டு, மரத்தை வெட்டினால்தான் திருப்பித் தர வேண்டும். அதற்கு மாநில அரசின் பணமும் கூட்டுறவு வங்கியும் பின்னால் இருந்தன. ஜம்முவில் பள்ளி என்கிற கிராமத்துக்கு 2022-இல் 500 கிலோவாட் சோலார் வந்தது, அது டெல்லி நேரடியாகக் கொடுத்தது, உங்களுக்கு அதில் கற்க அதிகமில்லை.

உங்கள் தீர்மானத்தில் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: இந்த ஆண்டின் மொத்த யூனிட் எவ்வளவு என்று எண்ணாலேயே பதிவு செய்வது, அடுத்த ஆண்டு அதை எவ்வளவு குறைப்போம் என்பது, ஒவ்வொரு கிராம சபையிலும் மோட்டார் வாரியாக யூனிட் கணக்கை வாசிப்பது, குப்பையை எரிப்பதை நிறுத்துவது, குளத்து மடைகளைத் தூர்வாரும் வேலையை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது. குளம் நிறைந்தால் போரில் நீர்மட்டம் ஏறும், மோட்டார் குறைந்த நேரம் ஓடும், அதுவும் மின்சாரக் கணக்குதான். ஆண்டுக்கு ஆறு கிராம சபை, குடியரசு நாளில் தொடங்கி நவம்பர் ஒன்று வரை. மார்ச் 22 தண்ணீர் நாள் கூட்டத்தில் மோட்டார் சோதனை முடிவை வையுங்கள், அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் எல்லோரும் வந்திருப்பார்கள். தலைவர் கேட்கவில்லை என்றால் நோட்டில் எழுதிய பன்னிரண்டு மாத யூனிட்டை நீங்களே எழுந்து வாசித்து, அதைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.