கிரஷர் தூசி கருவியில் தெரியாதா?

கேள்வி: மேலூர் அருகே எங்கள் ஊரை ஒட்டி ஜல்லி உடைக்கும் கிரஷர் இயங்குகிறது. கொடியில் காயும் துணிகூட வெள்ளை பூத்துவிடுகிறது. ஊர் இளைஞர்கள் சில ஆயிரம் ரூபாயில் காற்றுத் தரம் காட்டும் கருவி வாங்கி மாட்டினோம். கிரஷர் ஓடும் பகலில் பி.எம். 2.5 அளவு 30-ஐத் தாண்டுவதில்லை. அது நின்றிருக்கும் மார்கழி விடியற்காலையில் 90 காட்டுகிறது. கருவி பழுதா, ஐயா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள நுண்துகள்; விறகு, குப்பை, டீசல் ஆகியவை எரிவதால் மிகுதியாக உண்டாவது. கல் உடைபடும்போது கிளம்பும் தூசியின் எடையில் பெரும்பகுதி அதைவிடப் பருமனான துகள்களே. உங்களுடையதைப் போன்ற மலிவான கருவிகள், சிறு விசிறியால் காற்றை உள்ளிழுத்து, லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு அளவைக் கணிக்கின்றன. பருமனான துகள்களை அவை பெரும்பாலும் தவறவிட்டுவிடும். திரையில் தெரியும் பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களின் அளவு) எண்ணும் பல கருவிகளில் நுண்துகளை வைத்து ஊகித்துச் சொல்லப்படுவதுதான். ஆகவே, அந்த 30-ஐக் கிரஷருக்கு நற்சான்றாக யார் காட்டினாலும் ஏற்காதீர்கள்.

விடியற்காலை 90-க்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பனிக்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலெழாமல் நிற்பதால் அடுப்புப் புகையும் குப்பைப் புகையும் ஊருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இது உண்மையான மாசு. மற்றொன்று, ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் எண் மிகையாகத் தெரிவது. ஈரப்பதத்தையும் உடன் குறித்து வந்தால் எது எவ்வளவு என்பது ஓரளவு பிடிபடும். பி.எம். 2.5-க்கு நம் நாட்டு வரம்பான, கன மீட்டர் காற்றுக்கு 60 மைக்ரோகிராம் என்பது 24 மணி நேரச் சராசரிக்கு உரியது என்பதால், ஒரு மணி நேர 90-ஐ மட்டும் வைத்து வரம்பு மீறல் என்று சொல்லிவிட முடியாது.

கருவியைக் கழற்ற வேண்டாம். கண்மாய்க் கரையில் யாரேனும் குப்பையைக் கொளுத்தினால் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். கிரஷருக்கு வேண்டியது வேறு: காற்றை வடிதாள் வழியே 24 மணி நேரம் இழுத்து, தாளை முன்னும் பின்னும் எடைபோட்டு பி.எம். 10-ஐக் கணக்கிடும் முறை. அதன் வரம்பு 100 மைக்ரோகிராம். இந்த அளவீட்டைக் கோரி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். மனுவில் தூசி தெரிகிறது என்று மட்டும் எழுதாமல், கிரஷர் ஓடிய நேரம், அப்போது காற்றடித்த திசை, காற்றுத் தடுப்புச் சுவர் உண்டா, தண்ணீர் தெளிக்கிறார்களா, லாரிப் பாதை மண் சாலையா என்பவற்றைத் தேதி வாரியாகக் குறித்து, படங்களோடு இணையுங்கள். ஏனெனில் சுவரும் தெளிப்பும் செப்பனிட்ட பாதையும் கிரஷர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டாயங்கள், அவை இல்லாததை நிறுவ எந்தக் கருவியும் தேவையில்லை.