வெளிநாட்டுப் பணத்தில் படித்தவர் விலைபோனவரா?

கேள்வி: துருக்கி நாடகக் கலைஞர்களை அமெரிக்க அறக்கட்டளைகள் தங்கள் செலவில் வெளிநாடு அனுப்பிப் படிக்க வைத்தது, அவர்களை விலைக்கு வாங்கத்தானே?

பதில்: வாங்கும் எண்ணம் இருந்திருக்கலாம். அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணியில் துருக்கி சேர்ந்தது 1952இல். அந்தப் பத்தாண்டில்தான் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகை அங்குள்ள எழுத்தாளர்களையும் நடிகர்களையும் தேடிப் போனது. பனிப்போர்க் காலப் பணத்தில் அரசியல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொடுத்தவரின் உள்நோக்கத்தை வைத்து, வாங்கியவருக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்களே, அது அநியாயம்.

நாடக வரலாற்றாய்வாளர் மெதின் அந்த், ராக்பெல்லர் பணத்தில்தான் நியூயார்க் போனார். திரும்பி வந்து வாழ்நாளெல்லாம் அவர் எழுதியது எதைப் பற்றி? கராகோஸ் நிழற்கூத்து, துருக்கியின் அனத்தோலியக் கிராமங்களில் உழவர்கள் ஆடும் ஆட்டங்கள், பழைய தெருமுனை நகைச்சுவை நாடகங்கள். சொந்த மண்ணின் கூத்துக்கு அவரைப்போல் வரலாறு எழுதியவர்கள் துருக்கியில் மிகக் குறைவு. நடிகை யில்திஸ் கென்டெரும் அதே உதவியில் அமெரிக்காவில் நடிப்புப் பயின்றவர். பின்னர் அரசு நாடக அரங்கின் நிலையான வேலையை உதறிவிட்டு, தம்பி முஷ்ஃபிக்குடன் தனிக் குழு கண்டார். 1968இல் இஸ்தான்புல்லில் சொந்த அரங்கமே எழுப்பினார்.

கீதாஞ்சலியைத் துருக்கி மொழிக்குக் கொண்டுபோன கவிஞர் புலென்ட் எஜெவித், 1957இல் ராக்பெல்லர் செலவில் ஹார்வர்டு போனார். 1974இல் பிரதமராக இருந்து சைப்ரஸுக்குப் படை அனுப்பினார். மறு ஆண்டே அமெரிக்கா துருக்கிக்கு ஆயுதத் தடை விதித்தது. (படையெடுப்பை நான் நியாயப்படுத்தவில்லை.) விலைபோனவர் செய்கிற காரியமா அது?

உங்கள் சந்தேகம் இன்று துருக்கியில் குற்றப்பத்திரிகையாகவே மாறியிருக்கிறது. பண்பாட்டு அமைப்பு நடத்திய ஒஸ்மான் கவாலா 2017இல் கைதானார். 2022இல் ஆயுள் தண்டனை. 2013இல் இஸ்தான்புல்லில் அரசுக்கு எதிராக எழுந்த கெஸி பூங்காப் போராட்டத்துக்கு அவர் வழியாக வெளிநாட்டுப் பணம் வந்தது என்றார்கள். ‘மி மினோர்’ என்ற நாடகம் அந்தப் போராட்டத்துக்கு ஒத்திகை என்றுகூட அரசு ஆதரவு ஏடுகள் எழுதின.

அறக்கட்டளைகளைக் குறுக்குவிசாரணை செய்யத்தான் வேண்டும், ஆனால் வேறு கேள்வியோடு. குர்து மக்கள் பெரும்பான்மையாக வாழும் தியார்பக்கிர் நகரின் நகராட்சியை 2016இல் அரசு தன் ஆளிடம் ஒப்படைத்ததும், அங்கிருந்த நாடகக் குழுவின் நடிகர்கள் வேலையிழந்தார்கள். அவர்கள் தாங்களே ஒரு குழு அமைத்துக் குர்து மொழியில் நாடகம் போட்டார்கள். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த இஸ்தான்புல்காரருக்குக் கிடைக்கும் பயணத்தொகை, தியார்பக்கிர் நடிகருக்கும் கிடைக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.