அன்சிபிள் எப்படி வேலை செய்கிறது? குவாண்டம் பின்னலை வைத்து நிஜத்தில் செய்ய முடியுமா?

அன்சிபிள் என்பது எவ்வளவு தொலைவுக்கும் உடனடியாகச் செய்தி அனுப்பும் கற்பனைக் கருவி. 1966இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் உர்சுலா லெ குவின் உருவாக்கிய பெயர் இது. அவர் கதையுலகில் மனிதர் பயணிக்கும் கப்பல் ஒளிவேகத்துக்குள் அடங்கியதுதான். அன்சிபிளிலோ எதுவும் பயணிப்பதே இல்லை. இரு முனையிலும் ஒரே கணத்தில் செய்தி தோன்றும். ஒரு முனை போதிய நிறையுள்ள கோளில் நிலையாக இருக்க வேண்டும், மற்றதைத் தூக்கிக்கொண்டு போகலாம். ரேடியோ என்றால் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரிக்குக் கேள்வி போய்ப் பதில் வர எட்டரை ஆண்டு.

குவாண்டம் பின்னல் என்பது, இரு துகள்களை எவ்வளவு தள்ளி வைத்தாலும் அவற்றை அளக்கும்போது வரும் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துவது. ஆனால் அதை வைத்துச் செய்தி அனுப்ப முடியாது. பின்னிய எலெக்ட்ரான் ஜோடியில் உங்களுடையதன் சுழற்சியை (spin) அளந்தால் 'மேல்' அல்லது 'கீழ்' என்று வரும். எது வர வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. எதிர்முனைக்காரர் காண்பதும் பாதிக்குப் பாதி, நாணயம் சுண்டியது போன்ற வரிசைதான். இரு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் பொருத்தம் தெரியும். அதற்குப் பட்டியலை ரேடியோவில் அனுப்பியாக வேண்டுமே!

இதைவிடப் பெரிய சிக்கல், ஐன்ஸ்டைனின் சார்பியலில் 'ஒரே கணம்' ஆளுக்கு ஆள் மாறும் என்பது. ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரையும் இரு கப்பல்கள், அவரவர் கணக்குப்படி உடனடியாகச் செய்தி அனுப்பினால், கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். கதை எழுதுபவர்கள், எல்லாக் கருவிகளும் ஒரே பொதுக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை என்று விதி வைத்தால் தப்பிக்கலாம். ஐன்ஸ்டைன்தான் கோபிப்பார்.