சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையை எங்கிருந்து படிப்பது? ‘இத்தனை கோடி’ என்று செய்தி வந்தால் அது ஊழல்தானா?

முன்னால் இருக்கும் சுருக்கத்தைத் தாண்டிப் போங்கள். சாரம் இருப்பது ஒவ்வொரு தணிக்கைப் பத்தியின் கடைசி ஐந்தாறு வரிகளில். துறை சொன்ன பதிலும், அதைத் தணிக்கை ஏன் ஏற்கவில்லை என்பதும் அங்கேதான் வரும். ‘பதில் வரவில்லை’ என்று முடிந்தால் அதுவே ஒரு தகவல்: வரைவுப் பத்தியை அனுப்பி, வழக்கமான ஆறு வாரத் தவணை முடிந்தும் துறை வாய் திறக்கவில்லை.

அடுத்து, அந்தக் கோடி எந்த வகை என்று பாருங்கள். 2010-இல் வந்த 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு அறிக்கையின் 1.76 லட்சம் கோடி, 3ஜி ஏல விலையை வைத்துப் போட்ட உத்தேச இழப்பு. அதே அறிக்கையில் அதைவிடக் குறைந்த மதிப்பீடுகளும் உண்டு. அவற்றை யாரும் தலைப்பாக்கவில்லை. ‘பயன்பாட்டுச் சான்றிதழ் (மானியத்தை உரிய வேலைக்குச் செலவழித்தோம் என்ற சான்று) நிலுவை’ என்றால் பணம் களவு போனதாக அர்த்தமில்லை. மானியம் வாங்கிய அமைப்பு செலவழித்ததா, வங்கியில் போட்டு வைத்திருக்கிறதா என்று அரசுக்கே தெரியாது. ஆனால் கணக்கில் அது ஏற்கெனவே ‘செலவு’. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் இதற்குக் கெடு, நிதியாண்டு முடிந்து 12 மாதம்.

பலர் தொடாத இடம் நிதி ஒதுக்கக் கணக்கு; அவை ஒதுக்கிய பணத்தையும் துறை செலவழித்ததையும் ஒப்பிடும் கணக்கு அது. வறண்டதுதான், ஆனால் பொய் சொல்லாது. ஒரு மானியத்தில் (இங்கே, துறைக்கு அவை அனுமதிக்கும் தொகை) முதல் ஒதுக்கீடு 100 கோடி, நடுவில் கூடுதலாகக் கேட்டு வாங்கிய துணை மானியம் 20 கோடி, ஆண்டுச் செலவு 90 கோடி என்று வையுங்கள். முதல் 100-ஐயே செலவழிக்காத துறை எதற்கு 20 கேட்டது? மிச்சம் 30 கோடியை எந்தத் தேதியில் திருப்பி ஒப்படைத்தது என்று பாருங்கள். மார்ச் 31 என்றால் வேறு துறைக்கும் அது உதவவில்லை.

செயல்திறன் தணிக்கையில் (ஒரு திட்டம் நோக்கத்தை எட்டியதா என்று பார்க்கும் தணிக்கை) ஒரு எச்சரிக்கை: மாதிரிக்கு எடுத்த மாவட்டங்களின் எண்ணைப் பெருக்கி மாநிலக் கணக்காக்காதீர்கள்.

சிஏஜி யாரையும் தண்டிக்க முடியாது. அறிக்கையை அவையில் (நாடாளுமன்றத்தில் அல்லது சட்டமன்றத்தில்) வைக்க அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவில் கெடுவும் இல்லை. ஆகவே தணிக்கை செய்த ஆண்டையும் அவையில் வைத்த தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சிஏஜி அறிக்கையை ஆராயும் அவைக் குழுவான பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கைகளில் அந்த ஆண்டையும் பத்தி எண்ணையும் வைத்துத் தேடுங்கள். துறைப் பெயரை நம்பினால் சிக்கல். இடையில் துறையே பிரிந்து பெயர் மாறியிருக்கலாம்.