டிரங்குப் பெட்டியில் கிடந்த பத்து நோட்டு: எது இன்னும் ரிசர்வ் வங்கியின் கடன்?

குமுளியில் ஏலக்காய் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கம்பத்து வீட்டை இடிக்கும்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று 2000 ரூபாய் நோட்டும் ஏழு பழைய 500 ரூபாய் நோட்டும் கிடைத்தன. நோட்டு என்பது ரிசர்வ் வங்கி நமக்குத் தரவேண்டிய கடன் என்கிறார் ஆடிட்டர். அப்படியானால் பத்தையும் மாற்றித் தரவேண்டியதுதானே? அதோடு, நோட்டு வெளியிடுகிறவருக்கே அது எப்படிக் கடனாகும்?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது புரிந்தால் பெட்டி விஷயம் தானாகத் தெளிந்துவிடும்.

உங்கள் கடையில் நடப்பதுதான் அண்ணே. விவசாயி நாலு மூட்டை காயை இறக்கிவிட்டுப் போகிறார், நீங்கள் துண்டுச் சீட்டு எழுதித் தருகிறீர்கள். சீட்டு அவருக்குச் சொத்து, உங்களுக்குக் கடன். டிராயரில் கிடக்கும் எழுதாத சீட்டுக் கட்டு? வெறும் காகிதம். நோட்டும் அதே மாதிரிதான். அச்சாகிப் பெட்டகத்தில் கிடக்கும்வரை கணக்கில் வராது, வெளியே போனதும் பேலன்ஸ் ஷீட்டின் கடன் பக்கத்தில் ஏறிவிடும், மறுபக்கம் அதற்கு ஈடாகத் தங்கமோ வெளிநாட்டுப் பத்திரமோ நம் அரசின் கடன்பத்திரமோ இருந்தாகவேண்டும். 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் சீட்டுக்குக் காய் கிடைக்கும். ரிசர்வ் வங்கியில் 500 ரூபாயை நீட்டினால் தங்கம் கிடைக்காது, ஐந்து நூறு ரூபாய் நோட்டு கிடைக்கும். கவர்னர் கையெழுத்துக்கு மேலே 'இத்தனை ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன்' என்று இருக்கும் வரிக்கு இன்றைய அர்த்தம் அவ்வளவே. ஒரு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அந்த வரியே இருக்காது, கையெழுத்தும் நிதித்துறைச் செயலாளருடையது. ஏனென்றால் அதுவும் நாணயங்களும் மத்திய அரசின் பணம்.

கடன் பக்கத்தில் நோட்டு மட்டுமில்லை. உங்கள் வங்கி சி.ஆர்.ஆர். என்று, அதாவது கட்டாய ரொக்க இருப்பாக, அங்கே வைத்திருக்கும் தொகை, அரசின் கணக்கில் இருக்கும் பணம் எல்லாம் அங்கேதான். தங்க விலை ஏறினால் அந்த லாபமும் மறுமதிப்பீட்டுக் கணக்கு என்று அதே பக்கத்தில் உட்காரும். இது யாருக்கும் தரவேண்டிய கடன் இல்லை. காய் விலை ஏறிவிட்டது என்பதற்காக விற்காத மூட்டையை நம்பி நீங்கள் ஜீப் வாங்கமாட்டீர்கள் அல்லவா, அந்த மாதிரி ஒதுக்கிவைத்தது. "ரிசர்வ் வங்கிக்கு இத்தனை லட்சம் கோடி கடன்" என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்கள் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக 2023 மே 19 அன்று அறிவித்தார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை. அப்போது வெளியே இருந்தது 3.56 லட்சம் கோடி ரூபாய். 98 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிட்டது. மீதி, உங்கள் ஆறாயிரமும் சேர்த்து, இன்னும் கடன் கணக்கில்தான் நிற்கிறது.

பழைய 500 கதை வேறு. 2016 நவம்பர் 8 அறிவிப்போடு புழக்கத்தில் செல்லாமல் போனது என்றாலும் அன்றைக்கே கடன் தீர்ந்துவிடவில்லை, அதனால்தான் வங்கியில் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் 2017இல் ஒரு சட்டம் போட்டு, 2016 டிசம்பர் 31 முதல் அது ரிசர்வ் வங்கியின் கடனே இல்லை, மத்திய அரசின் உத்தரவாதமும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பழைய 500, 1000 இரண்டும் சேர்த்து 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பியது. திரும்பாததில் உங்கள் மூவாயிரத்து ஐந்நூறும் ஒன்று. எனக்குக் கேட்டால், கடன்பட்டவரே சட்டத்தால் விடுபட்டது வயதானவர்களுக்கு நியாயமாக இல்லை. ஆனாலும் இன்று வழி இல்லை.

ஆடிட்டர் சொன்னது மூன்று நோட்டுக்குச் சரி, ஏழுக்குத் தப்பு. அந்த ஏழு நோட்டையும் வைத்துக்கொள்ளலாம். அந்த 2017 சட்டப்படி செல்லாத நோட்டு பத்துக்கு மேல் போனால்தான் குற்றம், அபராதம் குறைந்தது 10,000 ரூபாய். கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். 2000 நோட்டுக்குத் திருவனந்தபுரம் அல்லது சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு நேரில் போகலாம், ஆறாயிரத்துக்கு அவ்வளவு தூரம் எதற்கு, அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கு விவரமும் வைத்து இன்ஷூர் செய்த தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதை மட்டும் பணம் கணக்கில் ஏறும்வரை தொலைக்காதீர்கள்.