பயமே இல்லாமல் இருப்பது நல்லதுதானே?

இல்லை என்பதே என் பதில். வளைவில் ஒரு லாரியை முந்தப் போகிறீர்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கிய கை ஒரு கணம் தளர்கிறது, வயிற்றில் ஏதோ பிசைகிறது. எதிரே வண்டி வருகிறதா என்று மூளை கணக்குப் போடும் முன்பே உடம்பு நிறுத்திவிட்டது. அந்தத் தயக்கம்தான் ஆரோக்கியமான பயம்.

1990களில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு சீட்டுச் சோதனை செய்தார்கள். நான்கு கட்டுகள்; இரண்டில் பெரிய லாபம் வரும், ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டமும் வரும். சில சீட்டுகள் எடுத்ததுமே, மோசமான கட்டை நோக்கிக் கை போகும்போது பலருக்கும் உள்ளங்கை லேசாக வியர்த்தது. எது மோசம் என்று அவர்களால் இன்னும் சொல்லத் தெரியாத கட்டம் அது! நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் கீழ்ப்புறம் சேதமடைந்தவர்களுக்கு அந்த முன்வியர்வை வரவில்லை. எந்தக் கட்டு ஆபத்து என்று அவர்களில் சிலர் வாயால் சரியாகச் சொன்னார்கள். கை மட்டும் மறுபடி அதையே எடுத்தது. அறிவு இருந்தது, பிரேக் இல்லை.

இதே பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். நண்பர்கள் பார்க்கும்போது பதின்வயதினர் கூடுதல் ரிஸ்க் எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (திட்டினால் மட்டும் சரியாகிவிடாது.)

எல்லாப் பயமும் இப்படியல்ல. ஆபத்து நீங்கியதும் அடங்கிவிடுவது காவல்காரன். வீட்டை விட்டு வெளியே கால் வைக்கவே விடாமல், மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுப்பது நோய். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.