ஆச்சியைப் பற்றி ஐந்து நிமிடம்

கேள்வி: எங்கள் ஆச்சி போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஊர் சாத்தான்குளம் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. அடுத்த மாதம் முதலாண்டு நினைவுக் கூட்டம். பேரப்பிள்ளைகள் சார்பில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், சின்னதாக ஒரு நினைவு மலரும் போட வேண்டும். எழுத உட்கார்ந்தால் 'அன்பானவர், ஜெபிக்கிறவர், விசுவாசமுள்ளவர்' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. ஆச்சி பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. எங்களை வளர்த்தார்கள், மற்றபடி கோயில் வேலைதான். அவர்களுடைய பிடியரிசி டப்பா இன்னும் அடுப்படியில் இருக்கிறது. பெரியப்பா கோயிலில் பளிங்குக் கல் பதிக்கலாம் என்கிறார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். — ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய மூன்று சொல்லும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நம் பக்கத்து நினைவு நோட்டீஸ் எல்லாவற்றிலும் அதே மூன்றுதான் இருக்கிறது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். உங்கள் ஆச்சிக்கு மட்டும் பொருந்துகிறதைத் தேடுங்கள். 'கோயில் வேலை' என்று சட்டென்று கடந்துவிட்டீர்களே, அதற்குள்தான் அது இருக்கிறது.

வேதப்புத்தகத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். யோப்பாவில் தொற்காள் இறந்துபோகிறாள். பேதுரு வந்து மேல்வீட்டுக்கு ஏறுகிறார். அங்கே நிற்கிற விதவைகள் அவளைப் புகழ்ந்து பேசியதாக ஒரு வரிகூட இல்லை. அழுதுகொண்டே, அவள் உயிரோடிருந்தபோது செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். நினைவுக் கூட்டத்தில் பேசப்போகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய இடம் இது என்பேன்.

உங்கள் கையில் அந்த டப்பா இருக்கிறது. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே போட்டுவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பது நம் தாய்மாரின் வழக்கம். சம்பளமென்று ஒரு ரூபாய் கையில் வராத பெண்ணும், யாரிடமும் கேட்காமல், தன் பொறுப்பில் கொடுக்க முடிந்த காணிக்கை அது. மிசோரம் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் அங்கே இன்றைக்கும் நடக்கிறது. திருநெல்வேலிச் சபையார் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்னக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம்மவர் காணிக்கையிலேயே நடத்துவது என்று உறுதி எடுத்தார்கள். அதில் முன்நின்ற அசரியாவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வீடு காணிக்கை கொடுத்த பெண்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? உங்கள் ஆச்சி அந்தப் பெண்களின் வழியில் வந்தவர். பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை என்று எழுதினீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரமே ஊருக்குப் போய்விடுங்கள். வீட்டாரை விட வெளியாட்களிடம் அதிகம் கேளுங்கள்: பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கூட இருந்தவர்கள், ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர்கள், அசனம் என்கிற சபை விருந்துக்குச் சேர்ந்து காய் நறுக்கியவர்கள். 'ஆச்சி ரொம்ப நல்லவங்க' என்றுதான் ஆரம்பிப்பார்கள். சொல்லட்டும். அதற்கப்புறம், 'பண்டிகைக்கு முந்தின நாள் ஆச்சி காலையிலிருந்து என்ன செய்வாங்க?' என்று கேளுங்கள். திருவிருந்து மேஜை விரிப்பை எப்படித் துவைத்தார்கள், கஞ்சி போட்டார்களா, எங்கே காயப்போட்டார்கள்? காணிக்கையாக வந்த விளைபொருளை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில், யாரும் கேட்காத பூசணிக்காயை யார் எடுத்தது? துக்க வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் அடுப்பைப் பற்ற வைத்தது யார்? இப்படிக் கேட்டால்தான் ஆச்சி நடமாடத் தொடங்குவார்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்கிறவர்களுக்கும் வயதாகிறது.

ஆச்சியின் வேதப்புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் குறித்த தேதி, நடுவில் செருகிய சீட்டு எதையும் விடாதீர்கள். உங்கள் பரீட்சை நாள்கூட அதில் இருக்கலாம். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணத் தேதிகளை ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்டு, சபைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். மலரில் தப்பாக அச்சானால் பேரன் பேத்தி காலத்துக்கும் அதுவே நின்றுவிடும். இன்னொன்று. ஊரில் பலருக்கு ஆச்சி இன்னாருடைய அம்மா, இன்னாருடைய வீட்டுக்காரி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, 'உன் பாட்டி' என்று மட்டும் சொல்லாமல் லோவிசாள் என்று பெயரைச் சொல்லித்தான் எழுதுகிறார். மலரின் முதல் பக்கத்தில் ஆச்சியின் சொந்தப் பெயர் பெரிய எழுத்தில் வரட்டும்.

ஆச்சி கண்டிப்பானவர் என்றால் அதையும் சொல்லுங்கள். ஆராதனைக்குப் பிந்தி வந்தவர்கள் அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னால், வாங்கினவர்களே சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். குடும்பத்துக்குள் இருந்த மனத்தாங்கல் மட்டும் மேடைக்கு வேண்டாம்.

ஐந்து நிமிடத்தில் வாழ்க்கை முழுவதையும் சொல்லப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை ஆச்சி எப்படிச் செய்தார்கள் என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லுங்கள். மீதியெல்லாம் மலருக்கு. டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

பளிங்குக் கல் விஷயத்தில் பெரியப்பாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் இழந்தது தாயை. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அந்தப் பணத்தைச் சபையில் வைப்புநிதியாகப் போட்டு, வருடாவருடம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆச்சி பெயரில் வேதப்புத்தகம் பரிசளிக்கலாம். கல்தான் வேண்டுமென்றால் கமிட்டியில் முறைப்படி கேளுங்கள், பெயருக்குக் கீழே ஆச்சி செய்த வேலையையும் ஒரு வரி பொறியுங்கள்.

சென்னைக்குத் திரும்புமுன், ஆச்சி பார்த்த வேலைகளை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று ஐயரம்மாவிடம் விசாரியுங்கள். ஆளில்லாமல் ஏதாவது நின்றுபோயிருந்தால், ஊரில் இருக்கிற உங்கள் வீட்டார், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மாதம் ஒருவராக முறை வைத்துக்கொள்ள முடியுமா என்று பெரியப்பாவிடமே பேச்சை எடுங்கள்.